பள்ளி முடிந்த பிறகு



வடபழனியில் வசிக்கும் ஒரு தாயார், மனவளர்ச்சி குன்றிய மகனுடன் எங்கள் ஜெப அறைக்கு வந்திருந்தார்கள். "ஐயா, பள்ளி முடிந்துவிட்டது. இனி இவன் பகலெல்லாம் என்ன செய்வான்?" என்று கேட்டார்கள்.

சிறு பிள்ளைகளுக்கு நம் நகரில் உதவி உண்டு. தியாகராய நகரில் மதுரம் நாராயணன் மையம் 1989 முதல் இப்பணியைச் செய்கிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயது வரை இலவசக் கல்வி தருகிறது. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத இடமும் உண்டு. ஆனால் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் முதலிய பிரிவினர் யாவருக்கும் சேர்த்து அதில் 1 சதவீதமே. தேர்வு எழுத இயலாதவருக்கு அதுவும் எட்டாது. வீட்டிலேயே அடைந்து கிடந்தால் பள்ளியில் கற்றதும் மறந்துபோகும்.

இக்குறையைப் பகல்நேரப் பணிமையங்கள் தீர்க்கின்றன. அங்கே ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக் கற்பிப்பார்கள். காகித உறை செய்வதென்றால் ஒருவர் மடிப்பார், ஒருவர் பசை தடவுவார், ஒருவர் எண்ணிக் கட்டுவார். ஒரு படியைக் கற்க மாதங்கள் ஆகலாம். கூலி சிறியதுதான். ஆயினும் காலையில் புறப்பட்டுப் போக ஓர் இடமும் பழகத் தோழரும் கிடைக்கிறார்கள். பெற்றோரும் நிம்மதியாகத் தங்கள் வேலையைப் பார்க்கலாம்.

ஆகவே ஜெபத்தோடும் நன்கொடையோடும் இன்னொன்றும் கேட்கிறோம். உங்கள் சபையின் காணிக்கை உறைகளை இத்தகைய மையத்தில் செய்யக் கொடுங்கள். மாலை வரை வேலையின்றி நின்றவர்களையும் திராட்சத்தோட்டத்துக்கு அழைத்த எஜமானை நாம் அறிவோமே.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்