புகை சொல்லும் செய்தி

நுழையும்முன்

ஐப்பசி மழைக்குப்பின் நிலத்தின் ஈரம் உழவுக்கேற்ற பதத்தில் சில நாள்களே நிற்கும். அந்நாள்களில் டிராக்டர் கிளம்பாவிடில் உழவு தள்ளிப்போகும்; விதைப்பும் பின்தங்கும். பழுதின் காரணத்தை முறையாக ஆராய்ந்தறியும் திறன் உழவரின் பொருளையும் பொழுதையும் காக்கும்.

ஆவும் எந்திரமும்

விழுப்புரத்தை அடுத்துப் பம்பையாற்றங்கரையில் அமைந்த பாடல்பெற்ற தலம் திருவாமாத்தூர். ‘ஆ’ என்பது பசுவைக் குறிக்கும். பசுக்கள் இறைவனை வழிபட்டுக் கொம்பு பெற்ற ஊர் இதுவெனத் தலபுராணம் கூறும். ஆனினத்தைப் பெயரில் தாங்கிய இவ்வூரின் வட்டாரத்திலும் இன்று நெல், கரும்பு, மணிலா வயல்களை டிராக்டர்களே உழுகின்றன. மாட்டின் நோயை அதன் மூச்சாலும் அசையாலும் அறிந்த உழவர், எந்திரத்தின் பழுதை அதன் ஒலியாலும் புகையாலும் அறியலாம்.

டீசல் எந்திரத்தின் இயல்பு

பெட்ரோல் எந்திரத்தில் மின்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. செருமானியப் பொறியாளர் ருடால்ப் டீசல் 1897இல் வெற்றிகரமாக இயக்கிக்காட்டிய எந்திரத்திற்கு மின்பொறி வேண்டுவதில்லை. உருளைக்குள் காற்று கடுமையாக அழுத்தப்படுவதால், அதன் வெப்பநிலை ஏறத்தாழ 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் உயர்கிறது. அதனுள் தூவப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. எனவே, எந்திரம் கிளம்புவதற்கு விரைவான சுழற்சி, தூய டீசல், காற்றின் நிறைந்த அழுத்தம் ஆகிய மூன்றும் தேவை. பழைய சிறு டிராக்டர் கிளம்ப மறுத்தால், இவற்றுள் எது குறைந்தது என இதே வரிசையில் ஆராய வேண்டும்.

சுழற்சி

கியரை நடுநிலையில் வைத்து, நிறுத்துக்குமிழ் முழுவதும் உள்ளே உள்ளதா என முதலில் நோக்குக. எந்திரம் மெதுவாகச் சுழன்றாலோ ‘டக்’ என்னும் ஒலி மட்டும் எழுந்தாலோ பேட்டரியைச் சோதிக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரி முழு மின்னேற்றத்தில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். முனைகளில் படிந்த வெண்பொடியும் தளர்ந்த எர்த் கம்பியும்கூடச் சுழற்சியைக் குறைக்கும். மெதுவான சுழற்சியில் காற்று போதிய வெப்பம் அடைவதில்லை.

டீசல்

எந்திரம் விரைந்து சுழன்றும் புகைபோக்கியில் புகையே வராவிடில், உருளைக்கு டீசல் சேரவில்லை என்பது பொருள். தொட்டியின் குழாய், வடிகட்டியின் அடைப்பு, அடியில் தங்கிய நீர் ஆகியவற்றை வரிசையாகக் காண வேண்டும். தொட்டி ஒருமுறை வறண்டிருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கும். இதையே பட்டறைகளில் ‘ஏர் பிடித்தல்’ என்பர். வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகைச் சற்றே தளர்த்திக் கைப்பம்பை இயக்கினால் நுரைத்த டீசல் வெளிவரும். குமிழியின்றி வரும்வரை இயக்கியபின் திருகை இறுக்க வேண்டும்.

அழுத்தம்

வெண்புகை வந்தும் எந்திரம் கிளம்பாவிடில், டீசல் சேர்ந்தும் எரியவில்லை என அறியலாம். சூடான எந்திரம் எளிதில் கிளம்பி, குளிர்ந்தது மட்டும் முரண்டுபிடித்தால் பிஸ்டன் வளையமோ வால்வோ தேய்ந்திருக்கலாம். நீலப்புகை என்ஜின் ஆயில் எரிவதையும், கரும்புகை காற்று வடிகட்டியின் அடைப்பையும் பெரும்பாலும் காட்டும். டீசலை மிகுந்த விசையுடன் தூவும் நாசிலின் முன் கையை நீட்டலாகாது; அத்தூவல் தோலைத் துளைத்து உட்புகும்.

நிறைவாக

நோயையும் அதன் காரணத்தையும் அறிந்தபின்னரே தணிக்கும் வழியை நாடவேண்டும் என்பது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் வகுத்த நெறி. எந்திரத்திற்கும் இது பொருந்தும். பேட்டரி முனையைத் துடைக்காமல் டீசல் பம்பைக் கழற்றுவோர் பெருஞ்செலவு செய்தும் பழுதை நீக்கமாட்டார். செலவில்லாத சோதனைகளை முதலில் முடிப்பவர்க்கு, பட்டறைக்குச் செல்லும் தேவை பலமுறை எழுவதே இல்லை.