ஏ.சி.யைக் கழற்றலாம்... ஆனால்!

(மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு)

கார் ஏ.சி.யை ரிப்பேர் செய்வது எப்படி என்று எழுதினால் நாலு பேர் படிப்பீர்கள். இவன் கழற்றிப் போடுவதைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்க வேண்டாம். போன வருஷம் மே மாதம் அந்தக் காரியத்தைச் செய்யப் போய்த்தான் என் மாமாவும் நானும் ஒரகடம் சந்திப்பில் ஒரு கண்டெய்னர் லாரியின் பின்பக்கத்தில் சொருகிக்கொள்ள இருந்தோம். மயிரிழையில் தப்பினோம்.

மாமா மாத்தூரில் மெஸ் நடத்துகிறார். சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் பையன்களுக்குச் சாப்பாடு. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ கார் தயாராக ஆரம்பித்தது, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை வந்தது. இன்றைக்கு இந்த ரோட்டில் ஓடுகிற புதுக்கார்களைப் பார்த்தால் கண் கூசும். அவற்றுக்கு நடுவே மாமாவின் பழைய டீசல் கார், இட்லிக் குண்டானும் சாம்பார் வாளியுமாகப் புகை விட்டுக்கொண்டு போகும். அதற்குள் ஏ.சி. வேறு! ஒரு நாள் அந்த ஏ.சி. கம்ப்ரசர் பக்கத்திலிருந்து 'கிர்ர்ர்' என்று சத்தம் வர ஆரம்பித்தது. புது கம்ப்ரசருக்குச் சொன்ன விலை, வண்டி விலையில் கால்வாசி. மாமா சொன்னார்: "டேய் மாப்ளே, இட்லிக்கு எதுக்குடா ஏ.சி.? கழட்டிப் போட்டா வெயிட்டும் குறையும், மைலேஜும் கிடைக்கும்."

இந்த மைலேஜ் விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம். ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் ஏ.சி.யைக் கழற்ற நினைப்பது இதற்காகத்தான். கம்ப்ரசரின் முன்னால் உள்ள புல்லி, பெல்ட்டோடு எப்போதும் சுற்றும். ஆனால் அதற்கும் கம்ப்ரசரின் ஷாஃப்டுக்கும் நடுவில் ஒரு காந்த கிளட்ச் இருக்கிறது. ஏ.சி. சுவிட்சைப் போட்டால்தான் 12 வோல்ட் கரண்ட் போய் அந்தக் கிளட்ச் ஒட்டிக்கொள்ளும், ஷாஃப்ட் சுற்றும், இன்ஜின் மேல் பாரம் ஏறும். சுவிட்சை அணைத்துவிட்டால் புல்லி மட்டும் பேரிங்கின் மேல் சும்மா சுற்றும். ஆக, ஏ.சி.யைப் போடாமல் ஓட்டுகிறவர் அதைக் கழற்றுவதால் டீசலில் மிச்சம் பிடிப்பது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. எடை? கழற்றிய சாமான்களையெல்லாம் மெஸ் காய்கறித் தராசில் போட்டுப் பார்த்தோம், 17 கிலோ. "ஒரு மூட்டை வெங்காயம் கூட வரலையேடா" என்றார் மாமா.

ஏ.சி. ஓடும்போது கதை வேறுதான். 1980 வாக்கில் வந்த டீசல் அம்பாசடரின் 1489 சி.சி. இன்ஜினுக்குச் சக்தியே சுமார் 37 குதிரைத்திறன். அதில் இரண்டு மூன்றைக் கம்ப்ரசர் வாங்கிக்கொண்டால் மேட்டில் வண்டி முனகாமல் என்ன செய்யும்? பழைய டிரைவர்கள் ஏ.சி.யை எதிரியாகப் பார்த்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்த எதிரியை அடக்க ஒரு சுவிட்ச் போதுமே!

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். பக்கத்துத் தெருவில் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர். கை சுத்தமானவர், இன்ஜின் வேலையில் கெட்டிக்காரர். வந்தார், ஸ்பேனரை எடுத்தார், குழாயின் நட்டைத் தளர்த்தினார். 'புஸ்ஸ்ஸ்...' என்று நாலைந்து நிமிஷம். எண்ணெய்ப் புகை மாதிரி வெளியே வந்து கேஸ் முழுதும் போய்விட்டது. நானும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். மூன்று வருஷம் டிப்ளமோ படித்தவன்! இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அதில் என்ன தப்பு என்கிறீர்களா? முதலில் நம் உடம்புக்கு ஆபத்து. நிறுத்தி வைத்த வண்டியிலேயே 35 டிகிரி வெயிலில் அந்தக் குழாய்க்குள் கிட்டத்தட்ட 8 பார் அழுத்தம் இருக்கும். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான். வெளியே வந்ததும் அது மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கிற சாமான். கண்ணில் பட்டால் கண் போச்சு, விரலில் பட்டால் சதை வெந்தது போலாகும். பக்கத்தில் யாராவது பீடி பற்ற வைத்தாலோ, கேஸ் வெல்டிங் நடந்தாலோ, நெருப்பில் அது சிதைந்து அமில விஷ ஆவியாகும்.

இரண்டாவது, ஊருக்கு ஆபத்து. பழைய வண்டிகளில் இருந்தது ஆர்-12. ஓசோன் படலத்தைத் தின்கிறது என்று 1987-ல் மான்ட்ரியலில் உலக நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டன. இந்தியா 1992-ல் சேர்ந்தது. 2010-க்குள் அந்த வகை வாயுக்களை நாம் நிறுத்திவிட்டோம். பின்னால் வந்த வண்டிகளில், மாமாவின் வண்டியிலும், ஆர்-134ஏ. இது ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்கும். ஒரு கிலோ ஆர்-134ஏ, நூறு வருஷக் கணக்கில் சுமார் 1430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். பானட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் எங்கள் வண்டிக்கு 500 கிராம் என்று போட்டிருந்தது. கணக்குப் போடுங்கள்: 715 கிலோ. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கரியமில வாயு வரும். ஆக 267 லிட்டர் டீசல்! லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் 4000 கிலோமீட்டர். அந்த நாலைந்து நிமிஷ 'புஸ்'ஸில், டெல்லிக்குப் போய் ஏறக்குறைய ஊர் திரும்பும் அளவு வண்டி ஓட்டியிருக்கிறோம். இருந்த இடத்திலேயே!

செய்ய வேண்டியது என்ன? நட்டில் கை வைக்கும் முன்னால், ரிகவரி மெஷின் இருக்கிற சர்வீஸ் சென்டருக்கோ நல்ல ஏ.சி. கடைக்கோ வண்டியைக் கொண்டுபோய் கேஸை சிலிண்டரில் இழுத்துவிடச் சொல்ல வேண்டும். அந்தக் கேஸைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தலாம். கழற்றியவுடன் குழாய் வாய்களை எல்லாம் இறுக மூடிவிட வேண்டும். கம்ப்ரசர் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைச் சும்மா உறிஞ்சிக்கொண்டே இருக்கும். திறந்து கிடந்தால் பிற்பாடு மனசு மாறி ஏ.சி.யை மாட்டினாலும் உள்ளே துருவும் கசடும்தான்.

கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்பதால் அதை எடுத்தால் ரேடியேட்டருக்குக் காற்று நன்றாகவே கிடைக்கும். ஆனால் அதோடு இருக்கிற ஃபேனை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். சில வண்டிகளில் இன்ஜினைக் குளிரவைக்க அதுவும் வேலை செய்யும். டேஷ்போர்டுக்குள் உள்ள எவாப்பரேட்டரை அப்படியே விட்டுவிடுவது மேல். குழாய்கள் வெளியே வரும் ஓட்டையை மட்டும் ரப்பர் போட்டு அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் புகை உள்ளே வரும். பெல்ட் விஷயத்தில் ஊகம் கூடாது. கம்ப்ரசருக்குத் தனி பெல்ட் என்றால் எடுத்துவிடலாம். ஒரே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் சுற்றுகிறது என்றால், அதே வண்டியின் ஏ.சி. இல்லாத மாடலுக்கு என்ன பெல்ட், என்ன புல்லி என்று ஸ்பேர்ஸ் கடையில் கேட்டு வாங்குங்கள்.

இப்போது அந்த ஒரகடம் சந்திப்பு. பெட்ரோல் இன்ஜினில் திராட்டில் மூடியிருக்கும்போது இன்டேக் மேனிஃபோல்டில் தானாகவே வெற்றிடம் உண்டாகும். பிரேக் பூஸ்டர் அதை வைத்துத்தான் நம் காலுக்கு உதவுகிறது. பழைய டீசல் இன்ஜினில் அந்தத் திராட்டில் கிடையாது. ஆகவே வெற்றிடம் உண்டாக்கத் தனியாக ஒரு வேக்குவம் பம்ப், பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே, வைத்திருப்பார்கள். அந்தப் பம்பிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயில் பென்சில் தடிமனில் ஒரு கிளைக்குழாய் பிரியும். அது எதற்கு? ஏ.சி. போட்டதும் ஐடிலிங்கில் இன்ஜின் திணறாமல் இருக்க, டீசல் பம்ப்பின் லீவரைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிற ஒரு சின்ன டயஃப்ரம் டப்பாவுக்கு. மெக்கானிக் அண்ணன் அதை ஏ.சி. சாமான் என்று கழற்றினார். சரிதான், ஏ.சி. சாமான்தான். மிச்சமிருந்த கிளைக்குழாயை மடக்கி, கட்டுக்கம்பியால் கட்டிவிட்டார்.

பத்து நாள் ஒன்றுமில்லை. பதினோராம் நாள் காலை படப்பைக்குக் காய்கறி வாங்கக் கிளம்பினோம். இன்ஜின் சூட்டில் ரப்பர் இளகி, கம்பி நழுவியிருக்கிறது. எங்களுக்கு எப்படித் தெரியும்? டீசல் இன்ஜின் பாட்டுக்கு ஓடுகிறது, எந்த லைட்டும் எரியவில்லை. சந்திப்பை நெருங்கும்போது முதல் தடவை பிரேக் பிடித்தது. இரண்டாவது தடவை மாமா மிதித்தபோது பெடல் கருங்கல் மாதிரி நின்றது. முன்னால் லாரி. மாமா இரண்டு காலாலும் ஏறி மிதித்தார், நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். பம்பருக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். பின்னால் சாம்பார் வாளி கவிழ்ந்தது. மாமா ஐந்து நிமிஷம் பேசவில்லை. பிறகு, "அக்காகிட்ட சொல்லிடாதடா" என்றார். (அம்மா இதைப் படிப்பார்கள். மாமா, மன்னிக்கவும்!)

அன்று சாயங்காலம் எங்கள் லெக்சரர் சார் வந்து பார்த்தார். திட்டவில்லை. ஒரு சோதனையைச் செய்து காட்டினார். ஒரு ஸ்பேனர் கூட வேண்டாம். இன்ஜினை அணைத்துவிட்டு பிரேக் பெடலை ஐந்தாறு தடவை மிதியுங்கள். பெடல் கெட்டியாகிவிடும். அப்படியே காலை அழுத்தி வைத்துக்கொண்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் மெல்லக் கீழே இறங்கினால் பூஸ்டருக்கு வேக்குவம் வருகிறது என்று அர்த்தம். இறங்காவிட்டால் வண்டியை எடுக்காதீர்கள். பெல்ட்டிலோ வேக்குவம் குழாயிலோ கை வைத்த எந்த டீசல் வண்டியையும் இதைச் செய்து பார்க்காமல் ரோட்டுக்கு விடக்கூடாது என்றார். கிளைக்குழாய்க்குச் சரியான ரப்பர் மூடி போட்டு கிளிப் மாட்டியதோடு எங்கள் பிரச்சினை தீர்ந்தது. மூடியின் விலை ஒரு மசால்தோசை கூட இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பானேன். கழற்றிய கம்ப்ரசரை லேபில் பிரித்துப் பார்த்தோம். பிஸ்டன், வால்வு எல்லாம் நன்றாகவே இருந்தன. 'கிர்ர்ர்' என்று கத்தியது புல்லியின் பேரிங் மட்டும்தான். அதை மட்டும் மாற்றியிருந்தால் கேஸைத் திறக்கவே தேவையில்லை! இதை மாமாவிடம் சொன்னபோது தோசைக்கரண்டியோடு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அப்ப மறுபடி மாட்டிரலாமா?" என்றார். குழாய் வாயை மூடாமல் இரண்டு வாரம் வெளியில் போட்டிருந்தோமே, எப்படி மாட்டுவது?

அந்தக் கம்ப்ரசரைக் குறுக்காக வெட்டி, கிளட்ச் தெரிகிற மாதிரி பலகையில் பொருத்தி நம் ஆட்டோமொபைல் லேபில் வைத்திருக்கிறோம். ஜன்னல் பக்கத்து மேஜை. ஜூனியர்கள் வந்து கையால் சுற்றிப் பார்க்கலாம். பேரிங்கையும் மாற்றவில்லை, சத்தம் இன்னும் அப்படியே இருக்கிறது.