நைட்ரைட்டுத் தேக்கம் (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு)

நைட்ரைட்டுத் தேக்கம் என்பது உயிரியல் முறைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் இடைவிளைபொருளாகத் தோன்றும் நைட்ரைட்டு, அடுத்த நிலைக்கு மாறாமல் தொட்டியிலேயே சேர்ந்துவிடும் நிலையைக் குறிக்கும்.

கழிவுநீரிலுள்ள அமோனியா இரு படிகளில் ஆக்சிசனேற்றம் அடைகின்றது. முதற்படியில் நைட்ரோசோமோனாசு போன்ற பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. இரண்டாம் படியில் நைட்ரோபாக்டர், நைட்ரோசுப்பைரா ஆகியவை அதனை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. வழமையாக இரண்டாம் படி முதற்படிக்கு ஈடுகொடுப்பதால் நைட்ரைட்டு மிகச் சிறிதளவே காணப்படும்.

காரணங்கள்

இரண்டாம் குழுப் பாக்டீரியாக்கள் பொதுவாகக் கூடுதல் மென்மையானவை. கரைந்த ஆக்சிசன் குறையும்போது பெரும்பாலும் இவையே முதலில் பின்தங்குகின்றன. அயனியுறாத அமோனியாவும் இவற்றை எளிதில் தாக்கும். அந்தோனிசன் முதலியோர் 1976 இல் வெளியிட்ட ஆய்வின்படி, லிட்டருக்கு 0.1 முதல் 1 மில்லிகிராம் அளவிலேயே இவற்றின் செயல் தடைப்படத் தொடங்குகின்றது. முதற்குழுவைத் தடுப்பதற்கோ 10 முதல் 150 மில்லிகிராம் தேவை. தேங்கிய நைட்ரைட்டில் ஒரு பகுதி, நீரின் காரகாடித்தன்மைச் சுட்டெண் குறையும்போது நைட்ரசு அமிலமாகி, பாக்டீரியாக்களை மேலும் முடக்கும். இதனால் சிக்கல் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளக்கூடும்.

விளைவுகள்

நடைமுறையில் முதலில் வெளிப்படுவது பெரும்பாலும் குளோரின் பற்றாக்குறையே. நைட்ரைட்டு வடிவிலுள்ள 1 கிராம் நைட்ரசன் ஏறத்தாழ 5 கிராம் குளோரினை விழுங்கிவிடும். வழமையான அளவில் சேர்த்தால் எச்சக் குளோரின் தென்படாமல் போகலாம். நோய்க்கிருமிகள் அழியாமல் வெளியேறக்கூடும். அமோனியா மாறாமலே இருந்தால் குளோரின் அதனுடன் சேர்ந்து குளோரமீனாகி ஓரளவு கிருமிநீக்கம் செய்யும். நைட்ரேட்டோ குளோரினுடன் வினைபுரிவதில்லை. ஆகவே பாதியில் நின்ற ஆக்சிசனேற்றமே இங்கு மிகவும் தொல்லை தருவது எனலாம்.

நைட்ரைட்டு கலந்த நீர் ஆற்றை அடைந்தால், மீன்களின் குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஆக்சிசனைக் கடத்தும் திறனை இழக்கின்றது. குருதி பழுப்பு நிறமாகும். தொட்டியில் நைட்ரசு ஆக்சைடு வெளியேற்றமும் கூடும். 100 ஆண்டுக் கணக்கில் இவ்வளிமம் காபனீரொட்சைட்டை விட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பமூட்டவல்லது.

கட்டுப்பாடும் பயன்பாடும்

காற்றூட்டத்தைக் கூட்டுதல், சேற்றின் தங்குகாலத்தை நீட்டித்தல், காரத்தன்மை குறையாமல் காத்தல் ஆகியன வழமையான தீர்வுகளாகும். இதே தேக்கத்தை வேண்டுமென்றே உண்டாக்குவோரும் உளர். நெதர்லாந்தின் டெல்பிட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான சாரோன் முறையில், 30 பாகைக்கு மேற்பட்ட வெப்பநிலையும் குறுகிய தங்குகாலமும் இரண்டாம் குழுவை வெளியேற்றிவிடுகின்றன. இவ்வாறு நைட்ரைட்டுடன் நிறுத்துவதால் ஆக்சிசன் தேவை நான்கில் ஒரு பங்கு குறைகின்றது. 2002 இல் ரோட்டர்டாமில் தொடங்கிய அனமாக்சு உலை, இந்த நைட்ரைட்டை எஞ்சிய அமோனியாவுடன் சேர்த்து நைட்ரசன் வளிமமாக மாற்றியது.