கல் கட்டாத பவளங்கள்

கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்பட்டுக் கடைக்குப் போகிறவரின் கண் முதலில் போய் நிற்பது அக்ரோபோராவின் மீதுதான். கிளைகிளையாக இருக்கும், நுனிகளில் நீலமும் ஊதாவும் மின்னும். புதியவர் தொடக்கூடாத பவளங்களிலும் அதற்கே முதலிடம்.

அக்ரோபோரா கல்பவளம். அதன் பாலிப்கள், அதாவது பவளத்தை உருவாக்கும் சிற்றுயிர்கள், தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் இழுத்து, தமக்கடியில் ஓயாமல் சுண்ணாம்புக் கூடு கட்டுகின்றன. கடலில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. இருநூறு லிட்டர் தொட்டியிலோ நாலைந்து பவளம் வளரத் தொடங்கினாலே காரத்தன்மை மளமளவென்று இறங்கும். அளந்து பார்த்துக் குறைந்ததை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் ஏறி மறுநாள் இறங்கினால் தசை உரிந்து வெள்ளை எலும்புதான் மிஞ்சும்.

இந்தக் கட்டுமான வேலை இல்லாதவற்றிலிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம். காளான் போல வட்டத் தட்டாக விரியும் டிஸ்கோசோமா, கறாராகச் சொன்னால் பவளத்தின் நெருங்கிய உறவுதான். அதற்குக் கூடே கிடையாது. மங்கலான வெளிச்சமும் மெதுவான நீரோட்டமும் போதும். நைட்ரேட் கொஞ்சம் கூடினாலும் முகம் சுளிக்காது.

சார்கோஃபைட்டன் என்ற தோல்பவளம் இன்னும் சுவாரசியமானது. குடை போன்ற தலை நிறைய பாலிப்கள் நீட்டி அசையும். திடீரென்று ஒருநாள் எல்லாவற்றையும் உள்ளிழுத்துக்கொண்டு சுருங்கி, மெழுகு பூசியது போல மினுமினுக்கும். சில நாட்களுக்கு இப்படியேதான். செத்துவிட்டது என்று பயந்து எடுத்து எறிந்தவர்கள் உண்டு. உண்மையில் அது மேல்தோலை உரிக்கிறது. மேலே படிந்த பாசியும் அழுக்கும் அந்தத் தோலோடு போய்விடும். நீரோட்டம் நன்றாகப் படும்படி விட்டால் சீக்கிரம் உரிந்துவிடும். இடம் மாற்றி மாற்றி வைத்தால்தான் தொல்லை.

ஜீனியா என்ற மென்பவளம் கையை மூடித் திறப்பது போலத் துடித்துக்கொண்டே இருக்கும். ஏன் இவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறது? செங்கடலில் அதன் உறவினம் ஒன்றை ஆராய்ந்த இஸ்ரேலிய விஞ்ஞானிகள் 2013-ல் விடை சொன்னார்கள். பவளத்துக்கு உணவின் பெரும்பங்கு அதன் தசைக்குள் வாழும் நுண்பாசிகளிடமிருந்து வருகிறது. பாசி வெளியிடும் ஆக்சிஜன் அங்கேயே தேங்கினால் ஒளிச்சேர்க்கை மந்தமாகும். துடிப்பு அதை வெளியே தள்ளுகிறது.

ஒரு சிக்கல் உண்டு. சுலபத்தில் சாகாதது சுலபத்தில் அடங்காது. ஜீனியாவும், ஊதாப் பாய் மேல் பச்சை நட்சத்திரங்களாகப் பூக்கும் பச்சை நட்சத்திரப் பவளமும் பாறையெங்கும் படர்ந்து மற்றதை மூடிவிடும். அவற்றைத் தொட்டியின் பெரிய பாறையில் ஒட்டாமல், மணல் நடுவே தனிக்கல்லில் வைப்பதே நல்லது. கல்லைத் தூக்கினால் பிரச்சினையும் கூடவே வெளியே வந்துவிடும்.

பவளத்தின் இன்னோர் உறவான ஸோவாந்திட் வகைகளை எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். நிறங்களுக்காக நானும் பரிந்துரைப்பேன், ஓர் எச்சரிக்கையோடு. இவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. வெறுங்கையால் வெட்டக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் வேண்டும். அவை ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்கும் நீரை ஊற்றினால் ஆவியோடு நஞ்சும் மூச்சில் ஏறும். குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

நம் ஊரில் இன்னொரு எதிரி வெயில். பவளத்துக்கு 24 முதல் 27 டிகிரி இதம். முப்பதைத் தாண்டிப் பல நாட்கள் நீடித்தால் உள்ளிருக்கும் பாசிகள் வெளியேறி, பவளம் வெளுக்கும். 2016-ல் மன்னார் வளைகுடாவில் நடந்ததும் இதுதான். நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க முடியாதவர்கள் நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி ஓட விடுகிறார்கள். இரண்டு மூன்று டிகிரி குறையும். கூடவே தண்ணீர் வற்றும். நீர்தான் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. குறைந்த அளவை ஆர்.ஓ. நன்னீரால் நிரப்ப வேண்டும். அங்கே உப்புநீரை ஊற்றினால் உவர்ப்பு ஏறிக்கொண்டே போகும்.

தொட்டியில் தண்ணீர் நிரப்பிய வாரமே பவளம் வாங்காதீர்கள். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா குடியேறப் பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரம் ஆகும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே கடைக்குப் போகலாம். அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது எங்கிருந்து வந்தது என்பது. கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. ராமேஸ்வரம், தூத்துக்குடிக் கடலிலிருந்து பறிப்பதும் விற்பதும் குற்றம். நேராகப் பதில் சொல்லாத கடைக்காரரிடம் எதையும் வாங்க வேண்டாம்.