தாமரை மண்டபமும் கல்முனைக் கடற்கரையும்

நோன்புப் பெருநாளுக்கு முந்திய மாலையில் எங்கள் கல்முனையில் ஊரே வானம் பார்க்கும். கிழக்கே விரிந்த கடலுக்கு முதுகு காட்டி, சம்மாந்துறை வயல்களின் மேலாகப் பிறை தேடுவோம். பிறை தெரிந்ததும் தலைகள் தாழ்ந்துவிடும். அதன் பின்பு விண்மீன்களை நிமிர்ந்து நோக்குவார் அரியர். விஞ்ஞான ஆசிரியனாகிய நானும் பல்லாண்டு அவ்வாறே இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

என் கண் திறந்தது கொழும்பில். 1965ஆம் ஆண்டுக் கைத்தொழிற் கண்காட்சியையொட்டி எழுந்தது அங்குள்ள கோள்மண்டலம், பொறியியலறிஞர் ஏ. என். எஸ். குலசிங்க தாமரை வடிவில் அமைத்தது. மாணவரை அங்கு அழைத்துச் சென்றிருந்தேன். விளக்குகள் அணைந்தன, ஜெர்மனியின் யேனா நகரில் உருவான ஒளியெறி கருவி குவிமாடமெங்கும் விண்மீன்களைச் சொரிந்தது. அருகிலிருந்த மீனவர் மகன் மெல்லக் கேட்டான்: "சேர், துருவ நட்சத்திரம் நம்மட ஊரில தெரியுமா?"

பாடநூலைக்கொண்டு எத்தனையோ முறை அதைக் கற்பித்த நான், ஊரில் ஒருநாளும் அதைத் தேடியதில்லை! விடை கூறாது நாணினேன்.

ஊர் திரும்பியபின் நிலவில்லா இரவொன்றில் அவர்களோடு கடற்கரைக்குச் சென்றேன். கல்முனை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய ஏழரைப் பாகையில் உள்ளது. ஆதலால் துருவமீனும் அடிவானுக்கு மேல் அவ்வளவே உயர்ந்து நிற்கும். நீட்டிய கையின் முட்டி பத்துப் பாகை. மருதமுனைக் கரைக்குச் சற்று வலப்புறம், வடகடலின் மேல், முட்டியளவுக்கும் தாழ்வாக அது மங்கலாய் ஒளிர்ந்தது.

அராபிய மாலுமிகள் பண்டு 'கமால்' என்றொரு கருவி வைத்திருந்தனர். சிறு பலகை, அதன் நடுவே முடிச்சிட்ட கயிறு. முடிச்சைப் பல்லிற் கடித்து, பலகையின் கீழ்விளிம்பை அடிவானிலும் மேல்விளிம்பைத் துருவமீனிலும் பொருத்துவர். ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகம்! சோழமண்டலக் கரையில் இதனை இராப்பலகை என்றனர். அட்டையும் நூலும் கொண்டு நாங்களும் செய்தோம். படிப்பை விட்டுத் தோணியேற எண்ணியிருந்த அந்தச் சிறுவனே கணக்கை முதலில் விளங்கிக்கொண்டான்.

"அப்ப யாழ்ப்பாணத்தில இது இன்னும் ரெண்டு பாகை உசரமா நிற்கும், என்ன சேர்?"

அவன் இன்றும் வகுப்பில் முதல் வாங்கில் அமர்ந்திருக்கிறான்.

ஆனால் கடைத்தெருவின் மின்னொளி ஆண்டுதோறும் வானில் ஏறிவருகிறது. தாழ நிற்கும் விண்மீனே அதில் முதலில் மறையும். ஆசிரிய அன்பர்களே, கொழும்புக்குப் போய்வர எல்லாப் பிள்ளைகளுக்கும் இயலாது. கடற்கரைக்கோ கட்டணமில்லை. மாதத்தில் ஓர் இருளிரவையேனும் அவர்களுக்குக் கொடுங்கள்.