சுரபாயா தியேட்டர் வாசலில்

1929. கிழக்கு ஜாவாவின் சுரபாயா நகரம். அப்போலோ என்ற தியேட்டரின் வாசலில் ஒருவர் கேமராவை நிறுத்திச் சுற்றுகிறார். படம் பார்க்க வந்த கூட்டம் கேமராவைப் பார்க்கிறது. கதை கிடையாது, நாயகன் கிடையாது. சில நிமிடங்களில் சுருள் தீர்ந்துவிடுகிறது. பிறகு அது ஒரு தகர டப்பாவுக்குள் போய், கப்பலேறி, ஆம்ஸ்டர்டாமில் ஒரு காப்பகத்தின் அலமாரியில் உட்கார்ந்துகொண்டது. பட்டியலில் அதற்கு ஊர், ஆண்டு, நீளம் எல்லாம் கிடைத்தன. அதில் நின்ற ஆட்களுக்கு மட்டும் எதுவும் கிடைக்கவில்லை.

முக்கால் நூற்றாண்டு கழித்து அந்த டப்பாவைத் திறந்தவர் வியன்னாக்காரர் குஸ்டாவ் டாய்ச். கட்டிடக்கலை படித்துவிட்டு சினிமாவுக்கு வந்தவர். கூட்டம் நகர்கிறது, ஒரு முகத்தில் அவர் படத்தை நிறுத்துகிறார். அங்கிருந்து வேறொரு பழைய சுருளுக்குள் நுழைகிறார். இந்த ஆள் இந்த வேலை செய்தவராக இருக்கலாம், இந்த வீதியில் நடந்திருக்கலாம் என்று அதே காலத்துத் துண்டுகளைக் கொண்டே அவருக்கு ஒரு வாழ்க்கையைக் கட்டிக் கொடுக்கிறார். திரும்பத் தியேட்டர் வாசல். அடுத்த முகம். 2005-ல் வெளிவந்த ‘வெல்ட் ஷ்பீகல் கினோ’ இப்படித்தான் நகர்கிறது. 1912-ன் வியன்னா, 1930-ன் போர்ட்டோ என இன்னும் இரண்டு தியேட்டர் வாசல்களும் அதில் உண்டு. அவர் ஒரு காட்சியைக்கூடப் புதிதாகப் படம் பிடிக்கவில்லை. நிறையப் பார்த்தார், அவ்வளவுதான்.

இப்படி ஒருவர் உட்கார்ந்து பார்ப்பதற்கு இடமும் நேரமும் கொஞ்சம் பணமும் கொடுக்கும் ஏற்பாட்டைத்தான் ரெசிடென்சி என்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமின் ‘ஐ’ திரைப்பட அருங்காட்சியகம் கலைஞர்களையும் ஆய்வாளர்களையும் இப்படி அழைக்கிறது. நெதர்லாந்தின் ஒலி-ஒளிபரப்புக் காப்பகம் ஹில்வர்சமில் இருக்கிறது. அதுவும் ஆய்வாளர்களை அழைத்து உட்கார வைத்திருக்கிறது. பழைய இசைத்தட்டுகளை ஆராய வருகிறவர்களுக்கு லண்டனின் பிரிட்டிஷ் நூலகம் எடிசன் பெயரில் ஓர் உதவித்தொகை கொடுத்துவந்தது. நடைமுறை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சில வாரங்களோ சில மாதங்களோ ஒரு மேசை, சுருளைச் சுற்றிப் பார்க்க ஸ்டீன்பெக் எந்திரம், கேட்டால் கிடங்கிலிருந்து டப்பா எடுத்துத் தர ஓர் ஊழியர். முடிவில் ஓர் உரையோ கட்டுரையோ படமோ தர வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் விருந்தாளிக்குச் செய்யும் உபசாரம் போலத் தோன்றும். என் கணக்கில் லாபம் காப்பகத்துக்குத்தான். தன்னிடம் என்ன இருக்கிறது என்று எந்தக் காப்பகத்துக்கும் முழுசாகத் தெரியாது.

ஆம்ஸ்டர்டாமின் கதையே அதற்குச் சாட்சி. ழான் டெஸ்மெட் என்றொரு டச்சுக்காரர், நம்மூர் சாமிக்கண்ணு வின்சென்ட் காலத்து ஆள். அவரைப் போலவே ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டியவர். 1909-ல் ராட்டர்டாமில் நிரந்தரத் தியேட்டர் கட்டினார், அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாமில். கூடவே படங்களை வாங்கி வாடகைக்கு விடும் தொழிலும் செய்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் நீளப் படங்கள் வந்ததும் அவர் கையிலிருந்த குட்டிப் படங்களுக்கு மதிப்பு போய்விட்டது. மற்ற விநியோகஸ்தர்கள் அப்படிப்பட்ட சரக்கை வெள்ளிக்காக உருக்கப் போட்டார்கள், அல்லது குப்பையில் கொட்டினார்கள். டெஸ்மெட் எதையும் தூக்கிப் போடாத மனிதர். படங்களோடு போஸ்டர், ரசீது, கடிதம் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்களையும் சேர்த்து வைத்தார். 1956-ல் அவர் இறந்ததும் எல்லாம் திரைப்பட அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. படங்கள் மட்டும் தொள்ளாயிரத்துக்கு மேல். 2011-ல் யுனெஸ்கோ தன் ‘உலக நினைவு’ப் பட்டியலில் அதைச் சேர்த்தது.

வந்தது 50-களில், பெருமை வந்தது 2011-ல். நடுவில் நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். அந்தக் காலப் படச்சுருள்கள் பலவற்றில் வண்ணம் இருந்தது. இரவுக் காட்சிக்கு நீலச் சாயம், தீக்காட்சிக்குச் சிவப்பு என்று தோய்த்திருப்பார்கள்; சிலவற்றில் அச்சுத் தகடு வெட்டி, ஒவ்வொரு சட்டமாக நிறம் தீட்டியிருப்பார்கள். உலகக் காப்பகங்கள் பலவும் நெடுங்காலம் இவற்றைக் கறுப்பு வெள்ளையில் பிரதி எடுத்துவிட்டு, ‘பாதுகாத்துவிட்டோம்’ என்று எழுதி வைத்தன. மூலச் சுருள் நைட்ரேட்டில் ஆனது. தன்னுள்ளேயே ஆக்சிஜன் வைத்திருப்பதால் தண்ணீருக்குள் போட்டாலும் எரிவது. வைத்திருக்கப் பயந்து அழித்தவர்களும் உண்டு. டச்சுக்காரர்கள் இன்றும் தங்கள் நைட்ரேட்டைக் கடற்கரை மணல்மேடுகளில் உள்ள கான்கிரீட் பதுங்கு அறைகளில்தான் வைத்திருக்கிறார்கள்.

எண்பதுகளின் இறுதியில் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்துக்கு ஹூஸ் ப்ளோட்காம்ப் என்ற பெண்மணி இயக்குநராக வந்தார். எரிக் டி குய்பர் துணை இயக்குநர். புதியவர்கள் டப்பாக்களைத் திறந்து பார்க்கத் தொடங்கினார்கள். தலைப்பில்லாத, முதலும் முடிவும் இல்லாத, எடுத்தவர் பெயர் தெரியாத துண்டுகள் ஏராளமாக வந்தன. ஓர் அலை, ஒரு நடனம், ஒரு பெண் திரும்பிப் பார்க்கும் பார்வை. வேறு இடமாக இருந்தால் ‘அடையாளம் தெரியாதவை’ என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். இவர்கள், அழகாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, அவற்றைக் கோத்து எண் கொடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். ‘பிட்ஸ் அண்ட் பீஸஸ்’ என்று பெயர். அந்த வரிசை இன்று நூற்றுக்கணக்கில் வளர்ந்துவிட்டது. அங்கேயே வேலை பார்த்த பீட்டர் டெல்பொய்ட், டெஸ்மெட் சுருள்களை வைத்து ‘லிரிக்கல் நைட்ரேட்’ என்ற படத்தைச் செய்தார். முடிவில் ஆதாமும் ஏவாளும் திரையில் நிற்க, அழுகிக்கொண்டிருக்கும் சுருளின் கொப்புளங்கள் அவர்களைத் தின்றுகொண்டே வருகின்றன. காப்பகக்காரர்கள் வெளியே காட்டக் கூசும் சிதைவை அவர் காட்சியாகவே வைத்துவிட்டார்.

ஆய்வாளர் பார்ப்பது வேறு விதம். அவருக்கு முதலில் வேண்டியது சுருளின் ஓரம். கோடாக் நிறுவனம் ஃபிலிம் விளிம்பில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று ஆண்டுக்கொரு குறி அச்சிட்டது. 20 ஆண்டுக்கு ஒருமுறை அதே குறி திரும்ப வரும். ஆகவே குறியை வைத்து 1916-ஆ 1936-ஆ என்றுதான் சொல்ல முடியும். மீதியைப் பாவாடையின் நீளமும் மோட்டார் காரின் முகப்பும் சொல்ல வேண்டும். இதைக் கூட்டமாகச் செய்து பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2012 முதல் வர்ஜீனியாவின் கல்பெப்பரில் ஒரு பட்டறை நடத்திவந்தது. பெயர் தெரியாத மௌனப் படங்களைத் திரையிடுவார்கள். தியேட்டரில் பேசக் கூடாது என்ற விதி அங்கே தலைகீழ்: தெரிந்ததை உரக்கக் கத்த வேண்டும். நம்மூர் டூரிங் டாக்கீஸ் ரசிகர்கள் அங்கே போயிருந்தால் முதல் பரிசே வாங்கியிருப்பார்கள்.

யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் படமே மாறிவிடும். டச்சு இந்தியா, அதாவது இன்றைய இந்தோனேசியா, படங்களை எடுத்துக்கொள்வோம். 1912-ல் ராணுவ கேப்டன் லாம்ஸ்டர் அங்கே படம் பிடிக்க அனுப்பப்பட்டார். பிறகு பல கேமராக்கள் போயின. நாம் போட்ட ரோடு பார், நாம் கட்டிய ஆஸ்பத்திரி பார், புகையிலைத் தோட்டம் பார் என்று தாய்நாட்டு மக்களுக்குக் காட்டுவதற்கான படங்கள். தொலைக்காட்சிக்காரர் வின்சென்ட் மொன்னிக்கெண்டாம் இவற்றைப் பொறுமையாகப் பார்த்துத் தீர்த்து, 1995-ல் ‘அன்னை டாவோ’ என்ற ஒன்றரை மணி நேரப் படமாக்கினார். விளக்கக் குரல் இல்லை. பழைய விளம்பர வாசகங்களை எடுத்துவிட்டு, இந்தோனேசியக் கவிதைகளையும் பாடல்களையும் வைத்தார். பெருமைக்காக எடுத்த அதே காட்சிகள் வாக்குமூலமாக மாறி நின்றன.

இந்தோனேசியாவில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் வளர்ந்து, ஆம்ஸ்டர்டாமில் வாழும் பியோனா டான் கேமராவைத் திருப்பியே வைத்துவிட்டார் என்று சொல்லலாம். தொண்ணூறுகளில் காலனிய, இனவரைவியல் சுருள்களோடு வேலை செய்தவர், 2022-ல் ‘ஐ’ காப்பகத்தின் உள்நாட்டுப் படங்களை எடுத்துக்கொண்டார். வயலிலும் கடற்கரையிலும் ஆலையிலும் முதுகொடியும் நூறாண்டுக்கு முந்தைய டச்சுக்காரர்கள். அவர்கள் மேல் ஒலிப்பது, எண்பதுகளின் இறுதியில் மகள் ஐரோப்பாவுக்குப் போனபோது ஆஸ்திரேலியாவிலிருந்து அப்பா எழுதிய கடிதங்கள். வேடிக்கை பார்க்கப்படும் ‘பழங்குடி’ இப்போது டச்சுக்காரர்களே. ‘காலடிகள்’ என்று பொருள்படும் அந்தப் படத்தை ஒரு மானுடவியல் பேராசிரியர் எடுத்திருந்தால் இவ்வளவு குறும்பு வந்திருக்காது.

இந்த இடத்தில் எனக்கு ஓர் ஆதங்கம். அந்தக் காலனியப் படங்கள் விரும்பிக் காட்டிய இடங்களில் ஒன்று, சுமத்ராவின் டெலி. 1863-ல் நீன்ஹைஸ் என்ற டச்சுக்காரர் அங்கே புகையிலை போட்டார். செடி வளர்க்கச் சீனர்கள், பிறகு ஜாவாக்காரர்கள். மாட்டுவண்டி ஓட்டவும் சாலை போடவும் தமிழர்கள். ‘கிளிங்’ என்று பதிவேடுகள் குறிப்பது அவர்களைத்தான். மேடான் நகரில் 1884-ல் மாரியம்மன் கோயில் எழுந்தது. அதைச் சுற்றியுள்ள பகுதிக்கு நெடுநாள் கம்புங் கிளிங் என்றே பெயர், இப்போது கம்புங் மதராஸ். டெலி பற்றிய சுருள்கள் ஓடும்போது, பின்புலத்தில் மாட்டை அதட்டிக்கொண்டு போகிற ஒருவரின் முண்டாசுக் கட்டைப் பார்த்து ‘இது எங்கூர்க் கட்டு’ என்று சொல்ல, தமிழ் தெரிந்த ஒருவர் அந்த ஸ்டீன்பெக் முன்னால் சில வாரம் உட்கார வேண்டும். டச்சு ஆய்வாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அது அவர் கண்ணில் படாது. பட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

உட்கார்ந்து பார்த்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. சுருள் காப்பகத்தினுடையது, உரிமை வேறு யாருடையதோ. உரிமையாளர் யார், உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாத படைப்புகளுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2012-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. கலைஞர் மூன்று மாதம் பார்த்து ரசித்த காட்சியைத் தன் படத்தில் வைக்க முடியாமல் போவதும் உண்டு. அதனால்தான் ஹில்வர்சம் காப்பகம், சிக்கல் இல்லாத ஒலித்துண்டுகளைத் தனியே பொறுக்கி மின்னிசைக் கலைஞர்களிடம் கொடுத்துப் புதிய இசை செய்யச் சொல்லும் ‘ரீவைவ்’ என்ற முயற்சியைத் தொடங்கியது.

நம் பக்கம் வருவோம். புனேயில் 1964-ல் தேசியத் திரைப்படக் காப்பகம் தொடங்கியது. அடுத்த ஆண்டு சேர்ந்து 1991 வரை இருந்த பி.கே.நாயர், சினிமா முன்னோடி பால்கேயின் குடும்பத்தைத் தேடிப் போய்ப் படச்சுருள்களை வாங்கி வந்தவர். ஆய்வு உதவித்தொகைகளையும் அந்தக் காப்பகம் அளித்துவந்திருக்கிறது. அவற்றிலிருந்து புத்தகங்களும் பிறந்தன. 2003-ல் நைட்ரேட் கிடங்கில் தீப்பிடித்துப் பல படங்கள் போயின. தமிழைப் பொறுத்தவரை தீக்கு முன்பே இழப்பு பெரிது. கீழ்ப்பாக்கத்தில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ இல்லை. 1931-ன் ‘காளிதாஸ்’ இல்லை. அதன் விளம்பரத்தையும் சில புகைப்படங்களையும் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்கிறோம். பெட்டி வந்ததா என்று கேட்கத் தெரிந்த நம் தியேட்டர் உலகத்துக்கு, பெட்டி எங்கே போயிற்று என்று கேட்கத் தெரியாமல் போய்விட்டது.

ஆனால் தமிழ்நாட்டில் ஒரு ரெசிடென்சி தலைகீழாக நடந்திருக்கிறது. தொலைக்காட்சிக் காட்சிகளைப் பதித்த வண்ணக் கண்ணாடிச் சுவரோடு காப்பகம் நிற்கும் அதே ஹில்வர்சமில், 1899-ல் பிறந்தவர் ஆர்னால்ட் பேக். சாந்திநிகேதனில் தங்கி வங்க இசை கற்றவர். 1938-ல் ஒலிப்பதிவுக் கருவியும் ஃபிலிம் கேமராவும் எடுத்துக்கொண்டு தென்னிந்தியா வந்து, நாட்டார் பாட்டையும் ஆட்டத்தையும் பதிவு செய்தார். ஒலி தனி, படம் தனி, படம் ஊமை. பின்னாளில் லண்டனில் அவரிடம் படித்தவர் நசீர் ஜயராஜ்பாய். 1984-ல் அவரும் சக ஆய்வாளர் ஏமி கேட்லினும் ஆசிரியரின் பதிவுகளைத் தூக்கிக்கொண்டு தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் என அதே வழியில் கிளம்பினார்கள். பாடியவர்களின் ஊருக்கே போய், அங்குள்ளவர்களிடம் போட்டுக் காட்டி, எது மிஞ்சியிருக்கிறது, எது உருமாறியிருக்கிறது என்று கேட்டுக் கேட்டுப் பதிந்தார்கள். ஆய்வாளர் காப்பகத்தில் வந்து தங்குவதற்குப் பதில், காப்பகம் ஊருக்கு வந்து தங்கிவிட்டுப் போனது.

ஜயராஜ்பாய் 1982-ல் தொடங்க உதவிய இசையியல் காப்பகம் தில்லிக்குப் பக்கத்தில் குருகிராமில் இருக்கிறது. பேக் பதிவுகளின் பிரதிகளை அங்கே உட்கார்ந்து கேட்கலாம். 1938-ல் பாடியவர்களின் குரல்களை அவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்க வேண்டுமென்றால், இப்போதைக்குச் சென்னையில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டும்.