நகரும் கோடுகள் கற்பிக்கும் கணிதம்

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 8 மதிப்பெண் பெற்றுத் தரும் வரைபடக் கணக்கு ஒன்று உண்டு. பெரும்பாலும் இருபடிச் சமன்பாடு ஒன்றைக் கொடுத்து, அதற்குரிய வரைபடத்தை வரையச் சொல்வார்கள். மாணவன் முதலில் அட்டவணை எழுதுகிறான். பின் வரைபடத்தாளில் ஏழெட்டுப் புள்ளிகளைக் குறித்து, கை நடுங்காமல் அவற்றை இணைக்கிறான். மூலையில் அளவுத்திட்டத்தையும் மறவாமல் எழுதி வைக்கிறான். முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. இல்லத்தில் எல்லாருக்கும் மகிழ்ச்சி.

அந்த மாணவனை அருகில் அழைத்து, "தம்பி, இந்தச் சமன்பாட்டில் 3 என்று இருக்கும் இடத்தில் 4 என்று போட்டால் கோடு எப்படி மாறும்?" என்று கேட்டுப் பாருங்கள். "திரும்பவும் அட்டவணை போட வேண்டும்" என்பதே பெரும்பாலும் விடையாக வரும். அவனைக் குறை கூறுவதற்கில்லை. கோட்டை வரையக் கற்றானேயன்றி, அக்கோடு ஏன் அந்த இடத்தில் அந்த வடிவில் நிற்கிறது என்பதை அவனுக்கு யாரும் காட்டவில்லை. மேல்வகுப்பில் வகைநுண்கணிதம் வந்து கதவைத் தட்டும்போது, "எனக்குக் கணக்கு வராது" என்று பிள்ளைகள் பலர் ஒதுங்கிக்கொள்வதற்கு இந்த இருட்டும் ஒரு காரணம் என்பது எம் கருத்து.

இருட்டை அகற்றும் எளிய கருவியொன்று இன்று பல இல்லங்களில், கைப்பேசியிலேயே, இருக்கிறது. வரைபடத்தை அசைத்துக் காட்டும் மென்பொருள்களைப் பற்றியே ஈண்டு எழுதுகிறோம்.

இருவகை எழுத்துகள்

ஒய் = ஏ.எக்ஸ்² + பி.எக்ஸ் + சி என்பது எல்லாரும் அறிந்த சமன்பாடு. இதில் வரும் எழுத்துகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. எக்ஸ், ஒய் இரண்டும் கோட்டின்மேல் ஓடித் திரிபவை. கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் அவற்றின் மதிப்பு வேறு. ஏ, பி, சி மூன்றும் அப்படியல்ல. ஒரு கோடு முழுவதற்கும் அவை அசையாமல் நிற்கும். அவற்றை மாற்றினாலோ அந்தக் கோடே போய் வேறொரு கோடு வந்துவிடும். தெரியாத அளவுகளுக்கு அகரவரிசையின் கடைசி எழுத்துகளையும், தெரிந்த அளவுகளுக்கு முதல் எழுத்துகளையும் இடும் வழக்கம் பிரெஞ்சு அறிஞர் தேக்கார்த்து 1637-இல் வெளியிட்ட வடிவகணித நூலிலிருந்து நமக்கு வந்தது.

ஆக, இந்தச் சமன்பாடு ஒரு கோட்டைக் குறிப்பதன்று. ஒரு பெருங்குடும்பத்தையே குறிக்கிறது. ஏ, பி, சி ஆகியவற்றுக்கு எண்களைக் கொடுக்கும்போதுதான் அக்குடும்பத்தில் ஒருவர் எழுந்து நம்முன் நிற்கிறார். தேர்வுத்தாளில் பிள்ளைகள் வரைவது அந்த ஒருவரின் உருவப்படம். குடும்பத்தை அவர்கள் கண்டதில்லை. தாளில் காண்பதும் எளிதன்று. ஒரு கோட்டுக்குக் கால்மணி நேரம் என்றால், இருபது கோடுகளுக்கு ஐந்து மணி நேரம் ஆகுமே!

கணினிக்கு இது ஒரு கணப்பொழுதின் வேலை. அது செய்வதும் நம் மாணவன் செய்வதையேதான். அட்டவணை போடுகிறது, ஆனால் ஏழு புள்ளிகளுக்குப் பதில் பல நூறு புள்ளிகள். அவற்றைச் சின்னஞ்சிறு நேர்க்கோடுகளால் இணைக்கிறது. அவ்வளவு நெருக்கத்தில் நம் கண்ணுக்கு அது வளைகோடாகவே தெரிகிறது. பின்னர் அதனை அழித்துவிட்டு, பி-யின் மதிப்பைச் சிறிதளவு கூட்டி, மறுபடி வரைகிறது. ஒரு விநாடிக்குள் பலமுறை இப்படிச் செய்வதால், திரைப்படத்தில் அசையாப் படங்கள் அசைவதுபோல் இங்கே கோடு நகர்கிறது.

ஸ்டீபன் உல்ஃப்ராம் 1988-இல் வெளியிட்ட மேத்தமேட்டிகா என்னும் மென்பொருளில் இவ்வசைவுக்கென்றே 'மானிப்யுலேட்' என்ற கட்டளை 2007-இல் சேர்க்கப்பட்டது. அது விலை மிகுந்தது, பல்கலைக்கழகங்களுக்கு உரியது. நம் பிள்ளைகளுக்கு ஏற்றது ஜியோஜீப்ரா. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த மார்குஸ் ஹோஹென்வார்ட்டர் 2001-இல் அதனைத் தம் பட்ட ஆய்வுக்காகத் தொடங்கினார். ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா என்னும் இரு சொற்களையும் இணைத்துப் பெயர் சூட்டினார். வணிக நோக்கமின்றிப் பயன்படுத்துவோருக்கு அது இலவசம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கணிதப் பாடங்களின் இறுதியில் வரும் 'இணையச் செயல்பாடு' என்னும் பகுதி பெரும்பாலும் இந்த ஜியோஜீப்ராவுக்கே வழிகாட்டுகிறது. அந்தப் பக்கத்தைப் புரட்டித் தள்ளிவிட்டுப் போகாத வீடுகள் எத்தனையோ, யாம் அறியோம்.

பி எங்கே கொண்டுபோகிறது?

ஜியோஜீப்ராவில் ஒய் = எக்ஸ்² + பி.எக்ஸ் + சி என்று எழுதியவுடன், பி-க்கு ஒன்றும் சி-க்கு ஒன்றுமாக இரண்டு நகர்த்துகோல்கள் தோன்றும். ஸ்லைடர் என்பார்கள். கோலின்மேல் உள்ள குமிழை விரலால் இழுத்தால் அந்த எழுத்தின் மதிப்பு மாறும். அதற்கேற்பக் கோடும் நகரும்.

சி-யை அசைத்தால் கோடு மேலும் கீழும் ஏறி இறங்கும். இதில் வியப்பு ஏதுமில்லை. ஏ-யையும் சேர்த்து அதனை அசைத்தால் கிண்ணம் குறுகும், விரியும். ஏ பூச்சியத்தை அடையும் அந்த ஒரு நொடியில் கிண்ணம் நேர்க்கோடாகி, மறுபுறம் கவிழ்ந்துவிடும். 'ஏ பூச்சியம் ஆகக்கூடாது' என்று பாடநூலில் ஒரு வரி இருக்கிறதே, அதன் காரணம் கண்முன் நிற்கும்.

பி-யின் செய்தி வேறு. குமிழைத் தொடுமுன் பிள்ளையிடம் கேளுங்கள்: "பி-யைக் கூட்டினால் கோடு எப்படிப் போகும்?" ஆசிரியர்கள்கூட, "பக்கவாட்டில் நகரும்" என்று சொல்லிவிடுவதுண்டு. சி-யை 3 என நிறுத்தி, பி-யை மெல்ல நகர்த்துங்கள். கோடு பக்கவாட்டில் போகிறது உண்மை. ஆனால் போகும்போதே கீழேயும் சறுக்குகிறது. பி பூச்சியமாயிருக்கையில் கிண்ணத்தின் அடிமுனை 3-இன் உயரத்தில் நடுவே இருந்தது. பி 2 ஆனதும் முனை இடப்புறம் 1 நகர்ந்து, உயரம் 2 ஆகிறது. பி 4 ஆனால், இடப்புறம் 2. உயரமோ பூச்சியத்துக்கும் கீழே, −1. எதிர்ப்பக்கம் பி −4 என்றால் வலப்புறமும் அதே கதை.

முனைப்புள்ளி சென்ற வழியைத் தடம் இட்டுக் காட்டும் வசதியும் உண்டு. அதனை இயக்கிவிட்டுப் பி-யை இங்குமங்கும் ஓட்டினால் திரையில் வேறொரு கோடு எழுகிறது. அது கவிழ்ந்த பரவளையம்! மேல்நோக்கிய கிண்ணம், தன் அளவே கொண்ட ஒரு கவிழ்ந்த கிண்ணத்தின் முதுகின்மேல் முனையூன்றிச் சறுக்கி விளையாடுகிறது. முதன்முறை காண்பவர் யாராயினும் சற்று நேரம் அதிலேயே கண் பதித்திருப்பர்.

ஏன் இப்படி? விடை பள்ளியில் படித்த வர்க்கப் பூர்த்தியில் இருக்கிறது. எக்ஸ்² + பி.எக்ஸ் + சி என்பதை (எக்ஸ் + பி/2)² + சி − பி²/4 என எழுதலாம். முனையின் கிடைத்தூரம் −பி/2. உயரம் சி − பி²/4. அதாவது, உயரம் என்பது சி-யிலிருந்து கிடைத்தூரத்தின் வர்க்கத்தைக் கழித்தது. கவிழ்ந்த பரவளையத்தின் சமன்பாடு இதுவேயன்றோ! நம் மாணவன் இந்த வர்க்கப் பூர்த்தியைப் பத்து முறையாவது எழுதியிருப்பான். எதற்காக எழுதினோம் என்பது இப்போதுதான் அவனுக்கு விளங்கும்.

இன்னொன்றையும் கவனிக்கச் செய்யலாம். சி 3 ஆக இருக்கும்போது, பி 3.46-க்கும் குறைவாக உள்ளவரை வலப்புற இடப்புற எந்த நகர்விலும் கோடு கிடையச்சைத் தொடுவதில்லை, 3.46-ஐ நெருங்கியதும் தொடுகிறது. தாண்டியதும் ஒரு தொடுபுள்ளி இரண்டு வெட்டுப்புள்ளிகளாகப் பிரிகிறது. தன்மைக்காட்டி என்று மனப்பாடம் செய்த பி² − 4.ஏ.சி பூச்சியமாகும் இடம் அதுதான். மூலங்கள் 'மெய்யல்ல', 'சமம்', 'வெவ்வேறு' என்னும் மூன்று வரிகளும் ஒரே இழுப்பில் உயிர்பெறுகின்றன.

மிலான் நகரப் பெண்மணியின் கோடு

கத்தோலிக்கக் குடும்பங்கள் நினைவில் கொள்ளத்தக்க கோடு ஒன்றும் இவ்வகையில் உண்டு. இத்தாலியின் மிலான் நகரில் 1718-இல் பிறந்த மரிய கயத்தானா அஞ்ஞேசி 1748-இல் வெளியிட்ட கணித நூலில் அது விளக்கப்பட்டுள்ளது. பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் 1750-இல் அவரைப் பொலோஞ்ஞா பல்கலைக்கழகத்தில் கணிதப் பதவிக்கு நியமித்தார். அவரோ பிற்காலத்தில் ஏழைகளுக்கும் நோயுற்றோருக்கும் பணிபுரிவதையே தெரிந்துகொண்டு, 1799-இல் இறந்தார். அவர் பெயரால் வழங்கும் கோட்டை ஆங்கிலத்தில் 'அஞ்ஞேசியின் சூனியக்காரி' என்பர். இத்தாலியச் சொல்லொன்றைத் தவறாக மொழிபெயர்த்ததால் வந்த வினை. புண்ணியவதிக்கு இப்படியொரு பெயர்!

அதன் சமன்பாடு: ஒய் = ஏ³ / (எக்ஸ்² + ஏ²). ஏ என்பது, அக்கோட்டை வரைய உதவும் வட்டத்தின் விட்டம். ஏ-யைக் கூட்டினால் மேடு உயர்ந்து அகலும், வட்டமும் பெருக்கும். ஆனால் கோட்டுக்கும் கிடையச்சுக்கும் இடையே இருபுறமும் முடிவின்றிச் செல்லும் பரப்பு, எப்போதும் அவ்வட்டத்தின் பரப்பைப்போல் சரியாக நான்கு மடங்கு. எல்லாம் மாறும்போது மாறாமல் நிற்பது எது என்று தேடும் பழக்கத்தை இத்தகைய அசைபடங்கள் வளர்க்கின்றன. நிலையான ஒரு படத்தில் அந்தக் கேள்வியே எழாது.

திரையும் பொய் சொல்லும்

இவ்வளவும் சொன்னபின் ஓர் எச்சரிக்கையும் தேவை. சில மென்பொருள்கள் கோடு முழுவதும் திரைக்குள் அடங்கும்படி அச்சுகளின் அளவைத் தாமே மாற்றிக்கொள்ளும். அப்போது ஒய் = ஏ.எக்ஸ்² என்பதில் ஏ 1 ஆனாலும் 10 ஆனாலும் படம் ஒன்றுபோலவே தெரியும். ஓரத்து எண்கள் மட்டும் ஓசையின்றி மாறியிருக்கும். ஆகவே அசைபடம் செய்யுமுன் அச்சுகளின் எல்லையை நிலைநிறுத்த வேண்டும்.

மற்றொரு பிழை நுட்பமானது. சைன் 63.எக்ஸ் என்னும் அலையை, 0.1 இடைவெளியில் மட்டும் புள்ளிகள் எடுத்துக் கணினி வரைவதாக வைத்துக்கொள்வோம். எக்ஸ் 0-லிருந்து 10 வரை செல்வதற்குள் உண்மையான அலை நூறு முறை ஏறி இறங்கும். எடுத்த புள்ளிகளோ ஒவ்வோர் அலையிலும் ஏறக்குறைய அதே கட்டத்தில் விழுவதால், திரையில் மெல்ல ஏறும் ஒரேயொரு மேடுதான் தெரியும். திரைப்படத்தில் முன்னோக்கி ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதும் இந்த மயக்கமே. நல்ல மென்பொருள்கள் புள்ளிகளை இதைவிட நெருக்கமாக எடுக்கின்றன என்றாலும், 63-க்குப் பதில் ஆறாயிரம் என்று எழுதினால் அவையும் தடுமாறக்கூடும். கண்டது மெய்யா என்று தீர்ப்பளிப்பது இறுதியில் தாளும் பென்சிலும்தான். பி-யின் சறுக்கலைப் பார்த்துவிட்டு வர்க்கப் பூர்த்தியை எழுதாமல் எழுந்து போகும் பிள்ளை, வேடிக்கை பார்த்தானேயொழியக் கணிதம் கற்கவில்லை.

கணிதம் படிக்காத பெற்றோரும் இதில் பங்கு பெறலாம். திரையைக் கையால் மறைத்துக்கொண்டு, "இப்போது இதை இழுக்கப்போகிறேன், கோடு எங்கே போகும்? விரலால் காட்டு" என்று கேட்பதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. பிள்ளை காட்டிய பிறகே கையை எடுக்க வேண்டும். தவறாகக் காட்டினால் மிகவும் நல்லது. ஏன் தவறியது என்பதிலிருந்து பேச்சு தொடங்கும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி. ஒய் = ஏ.எக்ஸ்² + 2.எக்ஸ் + 3 என்பதில் பி, சி இரண்டையும் நிறுத்திவிட்டு, ஏ-யை மட்டும் அசைத்தால் முனைப்புள்ளி எந்த வழியில் செல்லும்? முதலில் தாளில் எழுதிப் பாருங்கள். பிறகு திரையில் தடம் இட்டுச் சரிபாருங்கள். குறிப்பு ஒன்று மட்டும்: இம்முறை வருவது பரவளையமன்று, அளவுகோல் ஒன்று இருந்தால் போதும், தாளிலேயே அதனை வரைந்துவிடலாம்.